துணிக்குப் பின்னாலிருந்து பார்த்த கார்

4.1.1994, செவ்வாய்

லோரியின் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் மோட்டார் ஒன்று அலோர் காஜா பழைய சாமான் கடையில் கிடைத்தது. டட்சன் காரின் பின் பெட்டியில் அதை மாட்டி, ரப்பர் குழாயை இடது பக்கப் பின் விளக்குக்குள் விட்டேன். விளக்குச் சிவப்பில் ஊசியளவு ஓட்டை. ஸ்டியரிங்குக்குக் கீழே பித்தான். அமுக்கினால் பின்னால் துரத்தி வருகிறவன் மூஞ்சியில் தண்ணீர் அடிக்க வேண்டும்.

அமுக்கினேன். பின்னால் என் பெண்டாட்டி முத்தாயி வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தாறு வயசு ஆளு பண்ற வேலையாங்க இது? பொடவையெல்லாம் போச்சு."

"பதினெட்டடி பாஞ்சிருக்கு" என்றேன். கோல் வைத்து அளந்தேன். பதினெட்டடியேதான்.

6.1.1994

முத்தாயிக்கு எழுத்து தெரியாது. அதனால் இந்தப் புத்தகத்தை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. மேசை மேலேயே கிடக்கிறது.

எனக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. எழுபத்தோராம் வருஷம் ரப்பர் தோட்டத்து லோரி கவிழ்ந்து கால் உடைந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் தமிழ்ப்பள்ளி வாட்ச்மேன் ஒருவர், இடுப்பு உடைந்தவர். பொழுது போகாமல் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். கடைசி எழுத்து வருவதற்குள் செத்துப்போனார். மிச்சத்தைப் பேப்பர் பார்த்து நானே பிடித்துக்கொண்டேன்.

நாற்பத்து மூன்று வயது வரை எல்லாவற்றையும் மண்டையில்தான் வைத்திருந்தேன். வேறு எங்கே வைப்பது? இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன் - ஐம்பத்திரண்டில் எந்த நிரையில் எந்த மரம் பால் வற்றியது, யார் யாரை என்ன சொல் சொல்லித் திட்டினார்கள். சொன்னவன் மறந்திருப்பான். நான் மறக்க மாட்டேன்.

9.1.1994

அந்தப் படத்தைப் பற்றி எழுதி வைக்கிறேன். அதைப் பார்த்துத்தான் இந்த வேலை எல்லாம்.

1966. தொரைக்குப் பிள்ளை பிறந்தது என்று தோட்டத்துத் திடலில் வெள்ளைக்காரப் படம் போட்டார்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி. முன்னால் நாற்காலியில் தொரை, ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணிமார், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், அவர்கள் பெண்டு பிள்ளைகள். நாங்கள் துணிக்குப் பின்னால், புல்லில். எப்போதும் அப்படித்தான். பின்னாலிருந்தும் படம் நன்றாகவே தெரியும்.

ஓர் உளவுக்காரன். அவன் காரைத் துரத்துகிறார்கள். இடது பக்கப் பின் விளக்கிலிருந்து தண்ணீர் அடித்தான். வண்டிக்கு அடியிலிருந்து புகை விட்டான். நம்பர் பலகை தானாகப் புரண்டு வேறு நம்பர் வந்தது. பிறகு ஒரு கெட்டவனைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு, வலது கையைச் சீட்டுக்குக் கீழே விட்டு ஒரு குமிழைத் திருகினான். கெட்டவன் பக்கக் கதவு பூட்டிக்கொண்டது. தட்டுகிறான், உதைக்கிறான், திறக்கவில்லை. நாங்கள் கை தட்டினோம். பேச்சு ஒன்றும் புரியாது. கார் மட்டும் புரிந்தது.

ஸ்டியரிங்கூட இடது பக்கம் இருந்தது. அவன் ஊர் வழக்கம் போல.

மகன் தேவன் சிங்கப்பூர் போகும்போது டட்சனை விட்டுப்போனான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்தக் காரில் என்னென்ன எந்தெந்த இடத்தில் இருந்ததோ, அது அது அங்கங்கே.

17.1.1994

மழை. நம்பர் பலகை பாதியில் நிற்கிறது.

23.1.1994

பலகை புரள்கிறது. ரோட்டில் புரட்ட முடியாது, போலீஸ் பிடிப்பான். வீட்டு வாசலில் நாலு தரம் புரட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் "பாகூஸ்" என்று கட்டை விரலைக் காட்டினார். இந்த மஸ்ஜித் தானா ஊரில் எனக்கு நல்ல வார்த்தை சொன்ன முதல் ஆள்.

1.2.1994, செவ்வாய்

இன்று ஒரு பெண் வந்தாள். சாந்தி. தங்கா பத்துவில் இருக்கிறாளாம், கோயிலில் முத்தாயியைப் பார்த்துப் பழக்கமாம்.

"மாமா, அப்பாவ செவ்வாக்கெழமையானா மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும். சீனி வியாதி. கால்ல புண்ணு. டெக்சிக்காரன் இனிமே ஏத்த மாட்டேன்னுட்டான். நாத்தம் சீட்டுல ஒட்டிக்குதாம். எனக்கு ஆபீஸ்ல லீவு இல்ல. நீங்க அந்தப் பக்கந்தான போறீங்க?"

அப்பா பேர் என்ன என்று கேட்டேன்.

"கணேசமூர்த்தி. தோட்டத்துல பெரிய கிராணியா இருந்தாரு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

தெரியும் என்றேன்.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "ஒண்ணு மட்டும் மாமா. அப்பாவுக்கு ரெண்டு பாதத்துலயும் உணர்ச்சியே இல்ல. ஆணி ஏறுனாக்கூடத் தெரியாது. செருப்ப மட்டும் எங்கயும் கழட்ட விட்டுறாதீங்க."

அவள் போனதும் முத்தாயி சொன்னாள், "வேணாங்க."

சரி என்று சொல்லிவிட்டேனே.

3.2.1994

கிராணி கணேசமூர்த்தி செய்தது என்ன என்று எழுத வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக மண்டையில் இருப்பதுதான்.

அந்தப் படத்தில் கெட்டவனைப் பூட்டிய பிறகு கார் மறுபடி வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று துணியைச் சுற்றி முன்பக்கம் வந்தேன். துணிப் பக்கம் திரும்புவதற்குள் கிராணி பிடித்துவிட்டார்.

"டேய், ஒனக்கு முன்னால என்னடா வேல? நல்லாப் பாக்கணுமா? துணிகிட்டயே போயி நில்லு."

காதைப் பிடித்துக்கொண்டு துணிக்கு முன்னால், நாற்காலிக்காரர்களைப் பார்த்தபடி நிற்க வேண்டும். திரும்பினால் உதை. படம் முடியும் வரை நின்றேன். கார் என் நெஞ்சு மேலே ஓடியது. கண்ணில் வெளிச்சம், ஒன்றும் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. முன்னாலும் சிரிப்பு. பின்னாலும் சிரிப்பு - துணிக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு என் நிழல் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்ததாம். எங்கள் ஆட்கள். முத்தாயியும் அங்கேதான் இருந்தாள்.

மறுநாளிலிருந்து நான் நிழலு. இருபது வருஷம். என் மகன் நிழலு மவன்.

இன்று முத்தாயியைக் கேட்டேன், நீயும் சிரித்தாயா என்று. இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

"சிரிச்சேன். எல்லாரும் சிரிக்கறப்போ நான் மட்டும் அழுதா என்னைய என்ன சொல்லுவாங்க?"

8.2.1994, செவ்வாய்

சாந்தி பஸ் ஏறும் வரை காத்திருந்தேன். கிராணி கோலை ஊன்றிக்கொண்டு கார்ப் பக்கம் வந்தார். எழுபத்தெட்டு வயது. உடம்பு சுருங்கிவிட்டது. குரல் சுருங்கவில்லை.

"என்ன மருதமுத்து, கார்லாம் வாங்கிட்ட. கதவத் தொற."

"ஐயா, கார்ல சாமி படம் இருக்கு. செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க."

என்னைப் பார்த்தார். அவருடைய ஆபீஸ் வராந்தாவில் நாங்கள் செருப்போடு ஏறியதில்லை. மழையில் சேற்றில் கழட்டிவிட்டு ஏறுவோம். அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

"ஒங்காரு கோயிலா?"

"ஆமாங்க."

கழட்டினார். இரண்டு விரலால் எடுத்துப் பின் பெட்டியில் போட்டேன். பாதம் வெள்ளைத் துணிக் கட்டு. நாற்றம் உண்மைதான்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் முதலில் இறங்கினேன். இறங்கும்போது வலது கையால் சீட்டுக்குக் கீழே குமிழைத் திருகிவிட்டேன். அவர் பக்கம் கண்ணாடி இறக்கும் கைப்பிடியையும் முன்னாலேயே கழட்டிவிட்டேன். வெளியே நின்று பார்த்தேன். கதவைத் தள்ளுகிறார். இழுக்கிறார். கண்ணாடியைத் தட்டுகிறார். வாய் அசைகிறது. "டேய்" என்று அசைந்தது. பிறகு "டேய்" இல்லாமல் அசைந்தது. அப்புறம் திறந்தேன்.

ஐயா என்று என் வாயில் தானாக வருகிறது. அதை நிறுத்த வேண்டும்.

9.2.1994

பன்னிரண்டு நிமிஷம் நேற்று. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் பார்த்தேன். எழுத விட்டுப்போனது.

15.2.1994, செவ்வாய்

இருபது நிமிஷம்.

22.2.1994, செவ்வாய்

புகை. மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகச் சூடான புகைக் குழாய் மேல் விழும்படி செய்திருக்கிறேன். அவர் காலுக்குக் கீழே தரையில் ஒரு ஓட்டையும் போட்டுவிட்டேன் - படத்தில் அது இல்லை. என் சொந்த வேலை.

இருமினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறார்.

"டேய், இது அந்தப் படத்துல வர்ற காருதானடா! வெள்ளக்காரன் படம்! தொரை பிள்ளைக்குப் போட்டது!"

படம் ஞாபகம் இருக்கிறது. நான் நின்றது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நீயா? எங்க நின்ன?"

வீடு வந்து சேரும் வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். தண்ணி உண்டா, பலகை உண்டா, சின்னப் பிள்ளை மாதிரி.

27.2.1994

சாந்தி வடை கொடுத்தனுப்பினாள். அப்பா செவ்வாய்க்கிழமைக்காகக் காத்துக்கிடக்கிறாராம். வீட்டில் கார்ப் பேச்சுதானாம். முத்தாயி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வடையைத் தின்றாள்.

"அந்தாளு மேல கோவமா, இல்ல அந்தக் காரு மேல ஆசையா? ஒண்ணச் சொல்லுங்க."

1.3.1994, செவ்வாய்

இருபத்தைந்து நிமிஷம். இறங்கும்போது "இன்னைக்குக் கூடுதல் நேரம்டா" என்றார். அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார் கடிகாரத்தை.

12.3.1994

இருளாண்டியைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். என் தம்பி. படம் போட்டபோது இருபது வயது. படம் முடிந்து நாலு நாள் கழித்து, காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கிறோம், கிராணி பேர் கூப்பிடுகிறார், தொரை பார்த்துக்கொண்டு நிற்கிறார். இருளாண்டி பேர் வந்ததும் அவன் நெஞ்சை நிமிர்த்தி, காலைச் சேர்த்துத் தட்டி, தொரைக்கு ஒரு சலாம் வைத்தான். பீச்சாங்கையால்.

கிராணி அறைந்த அறையில் அவன் காதிலிருந்து ரத்தம் வந்தது. தொரைக்குப் பீச்சாங்கைச் சலாமா? அன்றைக்கே பேரேட்டில் அவன் பேரை அடித்துவிட்டார்கள், வேலை போனது. வீட்டுக்கு வந்ததும் நானும் அடித்தேன். ஏன்டா இந்தத் திமிர் என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அவன் சொன்னது ஒன்றுதான்: "அந்தக் காருக்காரன் வெச்ச மாதிரிதானண்ணே வெச்சேன்." பொய் என்று இன்னும் இரண்டு போட்டேன்.

ஜொகூருக்குப் போனான். மறுவருஷம் காட்டில் மரம் விழுந்து செத்தான். போய்ப் பார்க்க எனக்கு லீவு கிடைக்கவில்லை. கிராணிதான் லீவு கொடுக்கிறவர்.

22.3.1994, செவ்வாய்

இன்று தண்ணீரைக் காட்டச் சொன்னார். தங்கா பத்து கடற்கரையில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து விட்டு, அவரை வெளியே தலையை நீட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு அமுக்கினேன்.

"சைடு தப்புடா" என்றார்.

"தப்பில்ல."

"வலது வெளக்குடா. அவன் குமிழத் திருகுறதும் இடது கையி. எல்லாமே தப்பாப் பண்ணி வெச்சிருக்க."

"என் ஞாபகத்துல தப்பே வராது. எத வேணும்னாலும் கேளுங்க. ஐம்பத்திரண்டாம் வருஷத்த கேளுங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமி இருமிச் சிரித்தார். ஏன் என்று கேட்டால், "யோசிச்சுப் பாருடா. நீயா யோசி" என்று மட்டும்.

24.3.1994

இடது விளக்குதான். எனக்குத் தெரியும். ஏன் சிரித்தான்?

26.3.1994, சனி

தெரிந்துவிட்டது.

கோயில் பேர் எழுதிய துணியைத் துவைக்க முத்தாயி எடுத்து வந்திருந்தாள். வெள்ளைத் துணியில் பெரிய சிவப்பு எழுத்து. கொடியில் போட்டிருந்தாள். நான் காருக்கு அடியில் படுத்திருந்தவன் எழுந்து பார்த்தேன். வெயில் அந்தப் பக்கம். துணியில் எழுத்து தெரிகிறது, படிக்க முடியவில்லை. என்னடா இது, கண் போய்விட்டதா? எழுத்தெல்லாம் பின்பக்கமாக ஓடுகிறது. துணியைச் சுற்றி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். "அருள்மிகு" என்று இருந்தது.

திரும்ப இந்தப் பக்கம் வந்தேன். வலது இடது. இடது வலது.

துணிக்குப் பின்னாலிருந்து நாங்கள் பார்த்த படமும் இப்படித்தான் திரும்பியிருந்தது.

படம் ஆரம்பிக்கும்போது பேர் எழுத்து ஓடுமே. அன்றைக்கு எங்களில் ஒருவனுக்கு எழுத்து தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான். நூற்றைம்பது பேர் பின்னால் உட்கார்ந்திருந்தோம். ஒருவனுக்கும் தெரியாது. படத்தில் பெரிய மனிதன் எல்லாம் இடது கையால் சாப்பிட்டான், சினிமாக்காரன் வழக்கம் என்று பேசிக்கொண்டோம். ஸ்டியரிங் இடது பக்கம் என்று நான் -

இருளாண்டி. அந்தக் காருக்காரன் வெச்ச மாதிரிதானண்ணே.

27.3.1994

எழுத ஒன்றும் வரவில்லை. தம்பி உண்மையைத்தான் சொன்னான். நான் அடித்தேன்.

3.4.1994

ஒரு வாரமாக எல்லாவற்றையும் மாற்றினேன். குழாய் இப்போது வலது விளக்கில். பித்தான், குமிழ் இரண்டும் என் இடது கைக்கு - இரண்டு சீட்டுக்கும் நடுவில், கியர் பக்கத்தில். படத்தில் இருந்த அதே இடம். இனி ஒருவனும் தப்பு என்று சொல்ல முடியாது.

எதற்கு மாற்றினேன் என்று முத்தாயி கேட்டாள். தப்பு தப்பாக இருக்கக் கூடாது என்றேன்.

5.4.1994, செவ்வாய்

"இப்பத்தான்டா சரி!" தொடையைத் தட்டினார். "கண்டுபிடிச்சிட்டியா? எத்தன வருஷம்டா ஆச்சு ஒங்களுக்கு! நாங்க கிளப்புல ஒக்காந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். பீச்சாங்கைப் பட்டாளம்னு பேரு வெச்சிருந்தோம் ஒங்களுக்கு."

இருளாண்டியை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எவன்டா இருளாண்டி? ஆயிரம் பேரக் கூப்புட்டவன் நான்."

12.4.1994, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கட்டு மாற்றி முடிந்ததும் பத்தரைக்குப் புறப்பட்டோம். தங்கா பத்துப் பக்கம் திரும்பவில்லை. அலோர் காஜா ரோடு பிடித்து நேரே பழைய தோட்டத்துக்குப் போனேன். தோட்டம் விற்றாயிற்று, வீடு கட்டப் போகிறார்கள். மரம் எல்லாம் தள்ளிவிட்டார்கள். திடல் இருந்த இடத்தில் புதுத் தார் ரோடு. கடைசியில் கிராணி ஆபீஸ் மட்டும் கூரையில்லாமல் நிற்கிறது. காரைத் தார் ரோட்டில் நிறுத்தினேன். பன்னிரண்டு மணி வெயில்.

"இங்கதான துணி கட்டுவோம்" என்றார் அவரே.

"இருளாண்டி" என்றேன். "பெரட்டுல பீச்சாங்கையால சலாம் வெச்சான். நீங்க அறைஞ்சீங்க. காதுல ரத்தம் வந்துச்சு. அவன் ஏன் அப்படி வெச்சான்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஆபீஸ் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"தெரியும். கையி ஓங்கறப்பவே தெரியும். தொரை பாத்துட்டு நிக்கிறாரு. ஓங்குன கையிய என்ன பண்றது? இவன் துணிக்குப் பின்னாடி இருந்து படம் பாத்தவன், விடுங்கன்னு சொல்லணுமா? பின்னாடி எவன்டா ஒக்கார வெச்சான்னு தொரை கேப்பான். அவன் எல்லாரையும் முன்னால ஒக்காரச் சொன்னவன். நாந்தான் பின்னால போகச் சொன்னேன். ஒங்க வேர்வ நாத்தம் என் பொண்டாட்டிக்கு ஆகாது."

தப்பு என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

குமிழைத் திருகினேன். என் பக்கக் கண்ணாடியை ஏற்றினேன். இறங்கிச் சாவி போட்டேன். அந்தக் காலை வைத்துக்கொண்டு கியரைத் தாண்டி என் சீட்டுக்கு வர முடியாது. நடந்து போய் ஓரத்தில் மிச்சமிருந்த ஒரே மரத்தின் நிழலில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை.

கொஞ்ச நேரத்தில் அவர் பக்கக் கதவு திறந்தது.

குமிழ் இப்போது நடுவில், அவர் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருப்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஐம்பத்திரண்டாம் வருஷத்து மரமெல்லாம் ஞாபகம் இருக்கிறவனுக்கு, ஒன்பது நாளைக்கு முன் தன் கையால் மாட்டியது ஞாபகம் இல்லை.

கோலை ஊன்றி இறங்கினார். செருப்பு பின் பெட்டியில். ஒரு காலில் துணிக்கட்டு, ஒரு கால் வெறுங்கால். தார் பளபளவென்று கிடந்தது. நான் அதில் வெறுங்கால் வைத்தால் துள்ளுவேன். அவர் துள்ளவில்லை. கடற்கரையில் நடப்பது போல ஆபீசைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"டேய் நிழலு! படத்துல இருந்த எடத்துலதான்டா வெச்சிருக்க! கெட்டவனுக்கு மட்டும் எடம் தெரியாமப் போச்சு!"

சிரிக்கிறார். நிழலு என்றார். அப்படியானால் எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

வாயில் வந்தது - ஐயா, ரோட்ட விட்டு எறங்குங்க. சாந்தி வாசலில் நின்று சொன்னதும் வந்தது. சொல்லவில்லை. எண்ண ஆரம்பித்தேன். நூறு வரை எண்ணினேன். அவர் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே என்ன இருந்தது என்று கோலால் காட்டிக்கொண்டு. இன்னொரு நூறு எண்ணினேன்.

பிறகு போய்க் கூட்டி வந்தேன். அவர் நின்ற இடத்தில் தாரில் ஏதோ வெள்ளையாக ஒட்டிக் கிடந்தது. கட்டுத் துணி என்று நினைத்தேன். துணி இல்லை.

"சூடே தெரியலடா" என்றார், என் தோளில் கை போட்டுக்கொண்டு.

13.4.1994

ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். சாந்தியிடம் சொன்னேன்: தோட்டத்தைப் பார்க்கணும் என்றார், தண்ணீர் வாங்கப் போனேன், திரும்புவதற்குள் அவராகவே இறங்கிவிட்டார்.

14.4.1994, வியாழன்

சித்திரை வருஷப் பிறப்பு. சாந்தி வந்து என் காலில் விழுந்தாள். "நீங்க ஒடனே தூக்கிட்டு வரலைன்னா உசுரே போயிருக்கும்னாங்க மாமா."

முத்தாயி அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். சாந்தி போனதும் கேட்டாள், "செருப்பு எங்க இருந்துச்சு?"

கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

15.4.1994

செருப்பு இன்னும் பின் பெட்டியில் கிடக்கிறது.

21.4.1994

இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

இடது என்று சொன்னதும் இரண்டு தரம் கேட்டேன். இடதுதான்.

2.5.1994

முத்தாயி பேசுவதில்லை. சோறு வைக்கிறாள்.

24.5.1994, செவ்வாய்

அவரை மறுபடி ஏற்றினேன். சாந்தியும் நானும் தூக்கி உட்கார வைத்தோம். அவள் பஸ்ஸுக்குப் போனாள். அவர் காலில் செருப்பு இருந்தது. ஒற்றைச் செருப்பு. சாமி படத்துக்குக் கீழே நீட்டி வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"என்ன, கழட்டணுமா?"

"வேணாங்க ஐயா."

கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்.

"நீ தண்ணி வாங்கப் போனியாமே. சாந்தி சொன்னா. நானும் ஆமான்னுட்டேன். போலீசுக்குச் சொன்னா ஒன்னைய உள்ள வெப்பான். எனக்கு என்ன லாபம்? காரு போயிரும்." வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "இனிமே செவ்வாக்கெழம மட்டும் இல்ல. தெனம் காலையில ஏழரைக்கு வாசல்ல வந்து நில்லு. பெரட்டுக்கு வர்ற மாதிரி. வீட்டுலயே கெடந்தா எனக்குப் பைத்தியம் புடிக்கும்."

சரிங்க ஐயா என்றேன்.

25.5.1994

ஏழரை.

26.5.1994

ஏழரை.

8.6.1994, புதன்

தங்கா பத்து கோப்பிக்கடை. தினமும் அங்கேதான். அவருடைய கூட்டாளிகள் நாலு பேர், எல்லாரும் பழைய தோட்டத்து ஆபீஸ் ஸ்டாப். காரை மேசை ஓரமாக நிறுத்தச் சொல்வார். கதவைத் திறந்து விட்டு சீட்டிலேயே உட்கார்ந்துகொள்வார். கோப்பி அங்கேயே வரும்.

இன்று ஐந்தாவதாக ஒருவர் புதிதாக வந்திருந்தார்.

"இது யாரு தெரியுமா? நம்ம நிழலு. இந்தக் காரு மொத்தமும் இவன் பண்ணதுதான். முதல்ல தண்ணி இடது வெளக்குல வெச்சிருந்தான். ஏன்னு கேளுங்க."

கேட்டார்கள். நாலு பேருக்கும் தெரிந்த கதைதான், இருந்தாலும் கேட்டார்கள். சொன்னார். துணி, பின்னால் உட்கார்ந்தது, பீச்சாங்கைப் பட்டாளம், எல்லாம். சிரித்தார்கள். கோப்பிக்கடைச் சீனனும் என்னவென்று கேட்டு, மலாயில் சொல்லி, அவனும் சிரித்தான்.

"டேய் நிழலு, பின்னால போயி நில்லு. தண்ணி எவ்வளவு தூரம் அடிக்குதுன்னு இவரு பாக்கட்டும்."

போய் நின்றேன்.

"கிட்டக்க நிக்காத. அன்னைக்கு அளந்தேன்னு சொன்னியே, எவ்வளவு?"

"பதினெட்டடிங்க ஐயா."

"அங்க நில்லு."

எண்ணி நடந்து போய்த் திரும்பி நின்றேன். பித்தான் நடுவில்தான் இருக்கிறது. அவருக்கு எட்டும். அவரே அமுக்கினார்.

வலது விளக்கிலிருந்து வந்தது. நேராக என் நெஞ்சில் அடித்தது. வெயில் கண்ணில் பட்டதால் யார் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முத்தாயி சட்டையை வாங்கிப் பிழிந்தாள். மழை என்றேன். கொடியில் போட்டாள். காய்ந்ததும் மடித்து, நாளைக்குப் போட என்று நாற்காலியில் வைத்தாள்.